தொப்பைக்குக் கழிவு

பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கிறவனுக்கு எடை என்றால் கழிவும் சேர்ந்ததுதான். வெங்காய மூட்டையைத் தராசில் ஏற்றினால், சாக்குக்கும் ஈரத்துக்கும் மண்ணுக்கும் கழித்த பிறகுதான் எடை சொல்வோம். அந்தப் பழக்கத்தால்தான் நான் கெட்டேன்.

என் அண்ணனுக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று தெரிந்ததும், மனைவி என்னையும் தென்காசி டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை, வயிற்றைத்தான் பார்த்தார்.

"கூடப் பொறந்தவருக்கு இருக்கு, அதனால உங்களுக்கும் வாய்ப்பு கூடுதல். இவ்வளவு தொப்பையும் இருந்தா, வர்ற நோய் முரட்டுத்தனமா வரலாம். ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க, வயித்தக் குறைங்க" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தொப்பைக்கும் அந்த இடத்துக்கும் என்னய்யா சம்பந்தம்? மறுநாள் மண்டித் தராசில் ஏறி நின்றேன். மூட்டை தூக்குகிறவர் கேட்டார்: "கழிவு எவ்வளவு போட, அண்ணாச்சி?"

வேட்டி, செல்போன், சாவிக்கொத்து, காலையில் தின்ற பூரி எல்லாவற்றையும் கழிக்கச் சொன்னேன். எனக்கு எலும்பு கனம் என்று இன்னும் கொஞ்சம். கடைசியில் கல்யாணத்தன்று இருந்த எடைக்கே வந்துவிட்டேன்! வீட்டில் பெருமையாகச் சொன்னேன். மனைவி தையல் டேப்பை எடுத்து வந்து வயிற்றைச் சுற்றினாள். டேப் தீரப்போகிற இடத்தில்தான் நுனி வந்து தொட்டது.

"இதுல எதக் கழிக்கப் போறிய?" என்றாள்.

சரி, கரைத்துவிடலாம் என்று குற்றாலத்துக்குப் போய், ஐந்தருவியில் வயிற்றை நீட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர், "அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எங்களுக்கும் தண்ணி விழணும்லா" என்றார். மனசு விட்டுப்போய் பரோட்டா தின்றேன்.

ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் போகவில்லை. பயம்தான், வேறென்ன?

சிகிச்சை முடிந்து ஒருநாள் அண்ணன் மண்டிக்கு வந்தார். எங்கள் குடும்பத்திலேயே பெரிய தொப்பை அவருடையதுதான். இப்போது சட்டை ஆணியில் மாட்டியதுபோல் தொங்கியது. விளையாட்டாகத் தராசில் ஏறினார். மூட்டை தூக்குகிறவர் பழக்கதோஷத்தில், "கழிவு எவ்வளவு போட?" என்று கேட்டுவிட்டார்.

"இனிமே கழிக்க என்னலே இருக்கு?" என்று அண்ணன் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அவர் இறங்கியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஏறினேன்.

"உள்ளபடி சொல்லுமய்யா" என்றேன். மூட்டை தூக்குகிறவரும் கழிவே போடாமல் சொன்னார்.

அன்றைக்கே நானும் அண்ணனும் தென்காசி பஸ் ஏறினோம். ரத்தம் எடுக்க ஊசி குத்தும்போது கண்ணை மூடிக்கொண்டு அண்ணன் கையைப் பிடித்தேன். என் ஒரு கைக்குள் அவருடைய இரண்டு கையும் அடங்கிவிட்டது.