நெஞ்சில் போட்ட பத்து

“...வீக்கம்னு டாக்டர்தானம்மா சொன்னாரு? வீங்கினா பத்துப் போட மாட்டாங்களா?” என்றார் கலியபெருமாள்.

ஈ.சி.ஜி. எடுக்கச் சட்டையைக் கழற்றியவரின் நெஞ்செல்லாம் கறுப்பு. நாட்டுமருந்துக் கடை மூசாம்பரத்தை முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துப் பூசி, காயவிட்டு வந்திருந்தார். லீடு ஒயர் எங்கே ஒட்டும்? நர்ஸான நான் வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்தபின் மந்தாரக்குப்பத்தில் ஒற்றை அறை. மனைவி இல்லை, மகள் துபாயில். போன வாரம் நெஞ்சுவலி என்று எங்கள் கிளினிக்குக்கு வந்தார். கொலஸ்ட்ரால் சரியாக இருந்தது, உள்வீக்கத்தைக் காட்டும் சி.ஆர்.பி. ஏறியிருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்து, ஆஞ்சியோ பார்க்க வேண்டும், கூட ஓர் ஆளோடு வாருங்கள் என்றார் டாக்டர்.

“மாத்திர போடறீங்களாங்க?”

“கொழுப்புதான் சரியா இருக்காமே. வுட்டுட்டேன்.”

டாக்டர்கள் பேசக் கேட்டுக் கேட்டு நான் புரிந்துகொண்டதை, என் பாஷையில் சொன்னேன்.

“இது வெளிய தெரியற வீக்கம் இல்லீங்க. ரத்தக்குழாய்ச் சுவருக்குள்ள புண்ணு மாதிரி. கொழுப்பு படிஞ்ச எடத்துக்கு வெள்ளை அணு காவலுக்கு வருது. வந்தது சும்மா இருக்காம, இன்னும் ஆள அனுப்புன்னு சேதி சொல்லுது. வர்றதெல்லாம் இன்னும் கூப்பிடுது. கூட்டம் சேந்து சுவரையே அரிச்சிடும். அது பிச்சிக்கினா ரத்தம் உறைஞ்சி அடைச்சிக்கும். அந்த மாத்திர புண்ணையும் சேத்துத்தான் தணிக்குது.”

அவர் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

“கூப்ட்டா எவ்ளோ பேரு வருதுங்க பாரு! ரிடையர் ஆனதுலேந்து என் வூட்டுக் கதவ ஒருத்தன் தட்டல. உள்ள மட்டும் திருவிழாக் கூட்டம்.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து எந்தப் பேஷண்ட்டிடமும் ‘வீக்கம்’ என்று மொட்டையாகச் சொல்வதில்லை, ‘உள்புண்’ என்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். கூட வர ஆள் உண்டா என்பதையும் முதலிலேயே கேளுங்கள் என்கிறேன். ஆள் இல்லாததாலேயே பலர் ஆஞ்சியோவைத் தள்ளிப்போடுகிறார்கள்.

அன்று ஈ.சி.ஜி. எடுத்து முடித்ததும் அவரிடம், “மாத்திரய இன்னிக்கே ஆரம்பிங்க. ஆஞ்சியோவுக்கு யாருங்க வருவாங்க?” என்றேன்.

“கூட ஷிப்ட் பாத்த முருகேசன் காடாம்புலியூர்ல பலாத்தோப்போட இருக்கான். பேசி ரொம்ப நாளாச்சி. இப்ப போயி எப்பிடிக் கூப்பிடறது?”

“கூப்ட்டாதான ஐயா வருவாங்க?”

சட்டையை மாட்டிக்கொண்டு, போனை எடுத்து எண்ணைத் தேடினார். “டேய் முருகேசா, நான்தான்டா. பலா எப்பிடிக் காய்ச்சிருக்கு?” என்றார். காய்ப்பு, மழை, பேரன் படிப்பு எல்லாவற்றையும் விசாரித்தார். ஆஞ்சியோவுக்கு வரச்சொல்லி மட்டும் கேட்கவில்லை. “நீயே கேளும்மா” என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.