ஃபிட்டர் முனுசாமியின் இடது கை

காலை ஏழு மணிக்கு முனுசாமியின் இடது முன்கையிலிருந்த ஷண்ட்டைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. ரத்தம் ஓடினால் குழாய் வெதுவெதுப்பாக, நல்ல சிவப்பாக இருக்கும். இது கறுத்து உறைந்திருந்தது. பத்து மணிக்கு அவருக்கு டயாலிசிஸ்.

அது அறுபதுகளின் பிற்பகுதி. பெங்களூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு டயாலிசிஸ் மெஷின். அதற்கு நான் டெக்னீஷியன். ரத்தம் வெளியே வர தமனியில் ஒரு குழாய், திரும்பிப் போக சிரையில் ஒரு குழாய். மெஷின் ஓடாத நேரத்தில் இரண்டையும் தோலுக்கு வெளியே இணைத்துவைப்போம். அதுதான் ஷண்ட். அடைத்துக்கொண்டால் பெரும்பாலும் அந்த இடம் போனதுதான். ஓர் உடம்பில் அப்படிப்பட்ட இடங்கள் அதிகமில்லை.

முனுசாமி, நகரின் அடுகோடிப் பகுதியில் ஒரு தொழிற்சாலை ஃபிட்டர். கடும் வாந்திபேதியில் சிறுநீரகம் நின்றுபோய் வந்தவர். சில வாரம் தாக்குப்பிடித்தால் அது மீளும் என்று டாக்டர் நம்பினார். அதிகம் வேலை செய்யாத கையில் ஷண்ட் வைப்பது எங்கள் முறை. அதற்காக எல்லோரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டேன்: எந்தக் கையில் சாப்பிடுவீர்கள்?

"இன்னா சார் கேள்வி இது? சோத்துக்கையிலதான்."

படிவத்திலும் வலது கையால்தான் கையெழுத்திட்டார். 'ஷண்ட்: இடது' என்று குறித்தேன்.

உறைந்ததற்கான காரணம் கட்டிலடியில் கிடந்தது: ஒரு ஸ்பேனர். கட்டில் சக்கரம் கிறீச்சிடுகிறதென்று மனைவி ராஜம்மாவிடம் சொல்லி அதை வரவழைத்து, முந்தின நாள் மாலை இடது கையால் நட்டை முறுக்கியிருக்கிறார்; அதில் குழாய் மடங்கி ரத்தம் நின்றிருக்கிறது. வலது கையால் செய்திருக்கலாமே என்றேன். ராஜம்மாதான் பதில் சொன்னார்.

"அவரு பொறந்ததிலேருந்து பீச்சாங்கைக்காரரு சார். சோத்துக்கும் எழுத்துக்கும் மட்டும் அவங்கப்பா அடிச்சு மாத்திட்டாரு. டூல்ஸெல்லாம் அந்தக் கைதான். நீங்க சாப்பாட்டைத்தானே கேட்டீங்க?"

டாக்டர், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த சலைனைக் குழாயில் செலுத்திப் பார்த்தார். அடைப்பு விடவில்லை. மதியத்துக்குள் முனுசாமியின் நாடி தடுமாறத் தொடங்கியது. டாக்டர் என் குறிப்பை ஒருமுறை படித்தார், திட்டவில்லை.

"ரெண்டு கையும் இவருக்கு வேணும். கால்ல வைப்போம்."

கணுக்காலில் புதிய ஷண்ட் வைத்து, மூன்று மணிக்கு மெஷினை ஓட்டினோம். மாலையில் நாடி சீரானது. மூன்றாம் வாரம் சிறுநீர் பிரியத் தொடங்கியது. வீட்டுக்குப் போகும் நாளில் துணிப்பையை இடது கையில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அதன்பிறகு நான் சாப்பிடும் கையைக் கேட்பதில்லை. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டு, அதைச் சும்மா செய்துகாட்டச் சொல்வேன். வெறுங்கையால் துணி வெட்டுவார்கள், ரம்பம் இழுப்பார்கள். கையைப் பார்த்த பிறகே பேனாவைத் திறப்பேன்.