மகளின் ஹெல்மெட்

கழக்கூட்டத்து வீட்டிலிருந்து பழவங்காடியில் இருக்கும் என் கடைக்குத் தினமும் ஸ்கூட்டரில் போகிறவன் நான். மூன்று மாதமாக நெற்றியில் சூட்டுக்கோல் வைத்ததுபோல் வலி. நாலு புத்தகம் படித்த திமிரில், மூளையில் கட்டி என்று நானே தீர்மானித்துவிட்டேன். இன்சூரன்ஸ் பத்திரத்தையும் பீரோ சாவியையும் மனைவியிடம் ஒப்படைத்தேன்.

"உங்க தலைக்குள்ள ஒண்ணும் இருக்காது, எனக்குத் தெரியாதா?" என்றாள். ஆனால் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றே டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

நரம்பு டாக்டர் என் நெற்றியில் பதிந்திருந்த சிவந்த கோட்டையே பார்த்தார்.

"சாரே, மடியில இருக்கற ஹெல்மெட்ட ஒண்ணு வெச்சுக் காட்டுங்க."

இரண்டு கையாலும் அழுத்தி மாட்டினேன்.

"இது ஆரோடது?"

"மகளோடது. சும்மா கிடந்ததேன்னு..."

"புருவத்துக்கு மேல போற நரம்ப இது போட்டு அமுக்குது. கட்டியுமில்ல, ஒண்ணுமில்ல."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன்," என்றாள்.

தன் தலையின் அளவு தெரியாத அறிவாளிக்கு ஹெல்மெட்டே அதிகம். இருந்தாலும் டேப் வைத்து அளந்து புதிது வாங்கினேன். இரண்டு வாரத்தில் வலி போய்விட்டது. இப்போதெல்லாம் எங்கே வலித்தாலும் புத்தகத்தைத் திறப்பதில்லை. அங்கே எது அழுத்துகிறது என்று முதலில் பார்க்கிறேன்.

பீரோ சாவி மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.