கைக்குள் இரும்பு

மகாபலிபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் பஸ்ஸில், காய்ச்சலில் இருந்த என் மூன்று வயது மகளுக்கு வலிப்பு வந்துவிட்டது. "கைல இரும்பு குடுங்க!" என்று யாரோ கத்த, ஆளாளுக்குச் சாவிக்கொத்தை நீட்டினார்கள். "அண்ணாத்த, எங்கயும் நிறுத்தாத, நேரா ஆஸ்பத்திரிக்கு வுடு!" என்று கண்டக்டர் டிரைவரிடம் கூவினார். எங்களோடு பாதி பஸ்ஸும் அவசர வார்டுக்குள் நுழைந்தது.

டாக்டருக்கு வந்ததே கோபம்! "சாவியால வலிப்பு நிக்கும்னா நான் எதுக்குய்யா படிச்சேன்?" என்று சாவிகளைப் பிடுங்கி அவரவர் கையில் திணித்து, எல்லோரையும் வெளியே துரத்தினார். ஊசி போட்டார், ஆக்சிஜன் வைத்தார். வலிப்பு உடனே நிற்கவில்லை. நர்ஸைத் திட்டினார், என்னையும் திட்டினார். எனக்கும் ஆத்திரம்தான். ஆனால் கட்டிலை விட்டு நகராமல் நிற்கும் மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது?

மறுநாள் காலை மகள் எழுந்து உட்கார்ந்து பன் கேட்டாள். டாக்டர் வந்து நாடி பார்த்தார். பார்த்தவர் போகாமல் நின்றார். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, நேத்து கொழந்த கைல என் ஸ்கூட்டர் சாவி இருந்துச்சே, பாத்தீங்களா?"