மாடி வீட்டுக் கோழிக் குழம்பு

காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு நடப்பு வருஷம் என்று ஒன்று கிடையாது. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாக வேண்டும் என்பதால், சித்திரை பிறந்ததுமே நாங்கள் அடுத்த வருஷத்துக்குக் குடிபோய்விடுவோம். நான் புரூஃப் பார்க்கிறவள். தினசரித் தாளில் ராகுகாலம், ஏகாதசி, சஷ்டி, பிரதோஷம் எல்லாம் சரியான தேதியில் விழுந்திருக்கிறதா என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை பார்ப்பதுதான் பிழைப்பு. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள்தான். ஆனால் வேத வசனம் கேட்டால் முழிப்பேன், ஏகாதசி கேட்டால் பட்டென்று சொல்வேன்.

சிவகாசியில் நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்கார அக்கா. அவர் வீட்டுக்காரர் மளிகைக் கடையோடு சரி, வீட்டு விஷயம் எல்லாம் அக்கா ராஜ்யம். குடிவந்த அன்றே ஒரு சட்டம் போட்டார். "கறி மீன் எதையும் ஆக்குங்க, நாங்களும் திங்கிறவகதான். ஆனா அமாவாசை, கார்த்திகை, பிரதோஷம், இந்த மூணு நாளும் கவுச்சி வாடை படி எறங்கக் கூடாது." நானும் என் வீட்டுக்காரரும் பலமாகத் தலையாட்டினோம். அதற்கு முந்தின ஏழு வருஷத்தில் நாலு வீடு மாறியிருந்தோம். இந்த வீட்டில் போர்த் தண்ணீர் நல்ல தண்ணீர். எனக்குப் பிரஸ்ஸும் அவருக்குப் பள்ளிக்கூடமும் நடந்து போகிற தூரம். இப்படி ஒரு வீடு கிடைக்க எங்கள் சபைப் பெண்கள் கூட்டம் கூடி ஜெபித்தது.

போன மே மாதம் அதற்கும் வேட்டு வைக்க ஒரு ஆள் வந்தார். பட்டாசு சீசனுக்கு ஆர்டர் எடுக்க ஆபீஸ் போட மாடி கிடைக்குமா என்று அக்காவிடம் கேட்டுவிட்டுப் போனார். எங்கள் பதினோரு மாத ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. இரண்டு தடவை படியிறங்கிக் கேட்டேன். இரண்டு தடவையும் அக்கா "பாப்போம்" என்றார். வீட்டுக்காரர்கள் வாயில் "பாப்போம்" வந்தால் அட்டைப்பெட்டி சேர்க்க ஆரம்பிக்கலாம் என்பது என் அனுபவம்.

மூன்றாம் தடவை, ஒரு சனிக்கிழமை, அக்காவே கூப்பிட்டார்.

"ஏந்தாயி, ஞாயித்துக்கிழமை ஒன் கோழிக் கொழம்பு வாசம் ஆளைத் தூக்குது. நாளைக்கும் உண்டா?"

"உண்டுக்கா. உங்களுக்கும் தூக்குவாளியில தாரேன்."

"குடு, குடு. சாப்ட்டுட்டு வீட்டு விஷயத்தையும் பேசிருவோம். ஆமா, பிரதோஷம் கிரதோஷம் எதுவும் குறுக்க வரலையே?"

"இருபத்தொண்ணாந் தேதிதான்க்கா. நாளைக்குப் பதினேழுதான?"

"அப்பச் சரி. காலண்டரு போடுற ஆளே சொல்லும்போது நான் எதுக்குக் கண்ணாடியத் தேடிக்கிட்டு."

மறுநாள் முதல் ஆராதனை முடிந்ததும் நேரே கோழிக் கடைக்குப் போனேன். மாசம் பாதி தாண்டிவிட்டது, அரைக் கிலோதான். ஆனால் அரைக் கிலோவில் குழம்பு வைக்க ஒரு வழி இருக்கிறது. காலும் நெஞ்சும் வேண்டாம், கழுத்தும் முதுகும் ஈரலும் போடுங்கள் என்று கேட்க வேண்டும். எலும்பில்தான் ருசி இறங்கும். மிச்ச ருசி சின்ன வெங்காயத்தில் இருக்கிறது. இரண்டு கை நிறைய உரித்து, கடலை எண்ணெயில் சோம்பும் கறிவேப்பிலையும் போட்டு, பொன்னிறம் தாண்டுகிறவரை பொறுமையாக வதக்க வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது, அடுப்பைத் திட்டிக்கொண்டே வதக்குவேன்.

அப்புறம் இஞ்சி பூண்டு, இரண்டு தக்காளி, மஞ்சள், உப்பு, கோழி. தண்ணீர் விடாமல் மூடி வைத்தால் கோழி தானே தண்ணீர் விடும். அதில் வீட்டில் திரித்த மசாலாப் பொடியைப் போட்டுப் பிரட்டிய பிறகுதான் குழம்புக்குத் தண்ணீர். கடைசியில் தேங்காயோடு ஒரு பிடி பொட்டுக்கடலையும் சேர்த்து அரைத்து விட்டால் குழம்பு கெட்டியாகிவிடும். இவ்வளவும் யாரும் செய்வதுதான். என்னுடைய கைவரிசை உருளைக்கிழங்கில். மூன்று கிழங்கைக் கோழித் துண்டு அளவுக்கே, கோணல் மாணலாக நறுக்கிப் போடுவேன். மசாலா ஏறிவிட்டால் பெற்ற தாய்க்கும் வித்தியாசம் தெரியாது.

என் வீட்டுக்காரர் கரண்டியை விட்டு ஐந்து தடவை துழாவினார். "கோழி எங்க?" என்றார்.

"உள்ளதான் இருக்கு."

"நானும் அரை மணி நேரமாத் தேடுறேன், எல்லாம் கிழங்காவே வருது."

"வீடு நமக்கு நிக்கணும்னா கோழி எல்லாம் கீழ போகணும். நீங்க கிழங்கைத் தின்னுட்டுப் பேசாம இருங்க" என்று கத்தினேன். பள்ளிக்கூடத்தில் அறுபது பிள்ளைகளை அடக்குகிற மனுஷன் தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

ஒரு மணிக்குத் தூக்குவாளி கீழே போனது. நான் அரை மணி நேரம் படி மேல் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பிறகு கீழேயிருந்து குரல் வந்தது. "தாயி, இன்னும் ரெண்டு கரண்டி கொழம்பு கெடக்குமா?" எனக்கு வந்த சந்தோஷத்தில் எனக்கென்று எடுத்து வைத்திருந்த குழம்பையும் சேர்த்து ஊற்றிக் கொடுத்துவிட்டேன். "சோறு எம்புட்டு எறங்குச்சு தெரியுமா! சாயந்தரம் வா, பேசுவோம்" என்றார் அக்கா. அட்டைப்பெட்டிக்கு வேலை இல்லை என்று நிம்மதியாகப் படுத்தேன்.

நாலு மணிக்குத் தெருமுனைச் சிவன் கோயில் ஒலிபெருக்கி கரகரத்தது. "பக்தகோடிகளே, இன்று பிரதோஷத்தை முன்னிட்டு நந்தியெம்பெருமானுக்கு..."

எழுந்து உட்கார்ந்தேன். சுவரில் எங்கள் வீட்டுக் காலண்டரைப் பார்த்தேன். பதினேழில் ஒன்றும் இல்லை. இருபத்தொன்றில் பிரதோஷம் என்று அழகாகப் போட்டிருந்தது. அது பிரஸ்ஸிலிருந்து நான் கொண்டுவந்து மாட்டிய அடுத்த வருஷத்து மாதிரி. ஊருக்கெல்லாம் காலண்டர் போடுகிறவள் வீட்டில் இந்த வருஷத்துக் காலண்டர் ஒன்றுகூட இல்லை. ராத்திரி பகலாகப் புரூஃப் பார்த்துப் பார்த்து அடுத்த வருஷத்துத் தேதியைத்தான் ஒப்பித்திருக்கிறேன்.

வீடு போவது ஒரு பக்கம். என்னை நம்பிக் கண்ணாடிகூடத் தேடாத ஒரு மனுஷியின் விரதத்தைக் கோழிக் கழுத்தால் முறித்துவிட்டேனே என்று நிஜமாகவே அழுகை வந்தது. "சொல்லாம இருந்துரு" என்றார் என் வீட்டுக்காரர். "அவங்களுக்குக் காது இல்லையா?" என்று அவர் மேல் எரிந்து விழுந்துவிட்டு இறங்கினேன்.

அக்கா சமையல்கட்டில் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் தேவாரம் அலறிக்கொண்டிருந்தது.

"அக்கா, தப்பு நடந்துபோச்சு. இன்னிக்கு..." என்று ஆரம்பித்த என் பார்வை சுவரில் விழுந்தது. அக்கா வீட்டுத் தினசரிக் காலண்டர் திங்கட்கிழமை, பதினெட்டு என்றது. ஞாயிற்றுக்கிழமையைக் காணோம். கீழே பார்த்தேன். குப்பை வாளியில் கோழி எலும்பை மடித்துப் போட்ட ஒரு தாள் கிடந்தது. மேல் பக்கம் சிவப்பு எழுத்து. 'பிரதோஷம்.' போன வருஷம் நானே புரூஃப் பார்த்துத் திருத்திய தாள்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"காலையில நேத்துத் தாளக் கிழிச்சேன்" என்றார் அக்கா, கழுவுவதை நிறுத்தாமல். "அடுத்த தாளு செவப்பா நின்னுச்சு. நல்லாப் படிக்கலாம்னு கண்ணாடியத் தேடுறதுக்குள்ள நீ மேல வெங்காயத்த வதக்கிட்ட. மனுசி என்ன செய்வா? அதையும் கிழிச்சுட்டேன்."

நான் குனிந்து அந்தத் தாளை இன்னொரு தடவை படித்தேன்.

"காலண்டரு போடுற ஆளே பிரதோஷம் இல்லைன்னு சொல்லும்போது நாம என்னத்தக் கண்டோம்? சாமி கேட்டா ஒன்னையத்தான் கை காட்டுவேன்."

"அப்ப வீடு..." என்று இழுத்தேன்.

"அந்த ஆர்டர் ஆளு வேண்டாம். போன் பண்ணி என் வீட்டுக்காரருகிட்ட, 'இன்னிக்குப் பிரதோஷம், நாளைக்கு வந்து அட்வான்ஸ் தாரேன்'னு சொன்னானாம். இம்புட்டு வெவரமான ஆளு நமக்கு எதுக்கு? நீங்களே இருங்க." தூக்குவாளியை என் கையில் கொடுத்தார். "ஆமா, அடுத்த பிரதோஷம் என்னிக்கு வருது?"

எதிரே சுவரில் காலண்டர் இருந்தது. எண்ணிப் பார்க்க எனக்கு ஒரு நொடி போதும். இன்னும் பதினாலு நாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை.

"ரெண்டு வாரம் தாண்டி வர்ற புதன்கிழமைக்கா" என்றேன்.

"நெசமாத்தான?"

"நெசமாத்தான்க்கா."

"அப்பச் சரி" என்றார் அக்கா. "அதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம உருளைக்கெழங்கக் கொறச்சுப் போடு."