உள்ளே தெரியும் குழாய்

கண்ணாடி போல உள்ளே தெரியும் ஒரு ஹோஸ் பைப் சுருள். அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்த சிப்பாயின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

யுத்தகாலம். வெள்ளவத்தையில் அக்காவின் மாடி வீட்டில் நான் தங்கியிருந்தேன். குளியலறைக் குழாயில் நூல் போலத்தான் தண்ணீர் வரும். அதைத் தண்ணீர் சேர்த்துவைக்கும் பெரிய பரலுக்குக் கொண்டுபோகும் பழைய பைப் வெடித்துவிட்டது. அக்காவின் கணவரான அத்தான், புதியது வாங்கத் தெஹிவளைக்குப் போகையில் என்னையும் கூட்டிப்போனார். கூடவே ஒரு பெண்பிள்ளை இருந்தால் சோதனைச் சாவடியில் அதிகம் கேட்கமாட்டார்கள் என்று அப்போது எல்லா வீடுகளிலும் நம்பினார்கள்.

கடைக்கார நானா கறுப்பு பைப்பை எடுத்துப் போட்டார். அத்தான் உள்ளே தெரிவதைக் காட்டினார்.

“அது வாணாம். வெளிச்சம் பட்டா பாசி புடிக்கும். தண்ணி போறதப் பாத்துக்கிட்டா இருக்கப் போறீங்க?”

“பாக்கிறது நாங்களில்லை, நானா.”

நானா கறுப்பைத் திரும்ப வைத்துவிட்டு, உள்ளே தெரிவதை அளந்து வெட்டினார். பைப்பைக் குழாயோடு பொருத்தும் இரண்டு பித்தளை ஜொயின்டுகளையும் கிளிப்புகளையும் ஒரு பையில் போட்டுத் தந்தார்.

திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் பஸ்ஸால் இறக்கினார்கள். அத்தான் நினைத்தபடியே பைப்பைப் பார்த்துவிட்டுச் சிப்பாய் தந்துவிட்டான். பிறகு பைக்குள் கையை விட்டான். பித்தளை ஜொயின்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “மே மொகத?” என்றான், இது என்னவென்று. அத்தான் விளங்கப்படுத்தினார். எனக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல்லை நானும் சொன்னேன். “வத்துர, வத்துர.” தண்ணீருக்குத்தான் என்று அழுதழுது சொன்னேன். அவன் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அவரைக் கொண்டுபோக வந்த ஜீப்பில் ஏறுமுன் அத்தான் சுருளை என் கையில் தந்தார். “அக்காட்டச் சொல்லு, இதை ஒருத்தரும் குழாயில பூட்ட வேண்டாம். நான் வந்து பூட்டுறன்.”

அந்தச் சுருள் கதவுக்குப் பின்னால் தொங்கியது. பக்கத்து வீட்டார் உதவிக்கு வந்தும் அக்கா அதைத் தொடவிடவில்லை. கீழிருந்து வாளியில் தண்ணீர் சுமந்தோம். யாரைக் கேட்பது, எங்கே போவது என்று எங்களுக்குத் தெரியாது.

அவர் வந்தார். மெலிந்து வந்தார். வந்த அன்றே பைப்பைப் பூட்டினார். ஜொயின்டுகள் அவர்களிடமே போய்விட்டதால் சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டினார். அது அடிக்கடி கழன்றுவிடும். வேறு ஜொயின்ட் வாங்க யாரும் துணியவில்லை. நானா சொன்னது போலப் பாசியும் பிடித்தது. பரல் நிரம்பும்வரை, அந்தப் பச்சைக்குள் தண்ணீர் போவதையே அத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன கிழமை என் வீட்டுக்கு ஒரு பைப் தேவைப்பட்டது. கடைப் பையன் நூல் பின்னிய வெள்ளைப் பைப்பைக் காட்டி, “இதுதான் அக்கா கன நாளைக்கு இருக்கும்” என்றான். நான் உள்ளே தெரிவதையே கேட்டு வாங்கினேன். இப்போது அந்த வீதியில் சாவடி இல்லை. ஜொயின்டுகளைப் போட அவன் பை நீட்டினான். வேண்டாம் என்றேன். எல்லோருக்கும் தெரியும்படி அவற்றை விரித்த உள்ளங்கையில் வைத்தபடியே வீடுவரை நடந்தேன்.