வராத மஞ்சள் காமாலை

போன மாதம் ஒரு நாள், காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டு டைனிங் டேபிள் இன்டர்வியூ அறையாகிவிட்டது. அல்சூரில் எங்கள் மாடியில் குடியிருக்கும் ஸ்டெல்லா டீச்சரின் மகள் நிஷாவுக்கு அமெரிக்காவிலிருந்து வீடியோ இன்டர்வியூ. அவர்கள் வீட்டு வைஃபை நேரம் பார்த்துக் காலை வாரிவிட்டது!

நிஷா அங்கே பெரியப்பா வீட்டில் தங்கி பயாலஜி முடித்துவிட்டு வந்தவள். ஆஸ்டியோபதி டாக்டர் படிப்புக்கு அப்ளை செய்திருந்தாள். அதென்ன என்கிறீர்களா? நானும் கேட்டேன். “அமெரிக்கா போய் புத்தூர் கட்டு கட்டவா?” என்றுகூடச் சொந்தக்காரர்கள் கேட்டார்களாம். அதில்லை. அமெரிக்காவில் அது முழு டாக்டர் படிப்பு. மருந்து, ஆபரேஷன் எல்லாம் உண்டு — கூடவே எலும்பையும் தசையையும் கையால் தொட்டுச் சரிசெய்யவும் கற்றுத் தருகிறார்கள்.

சிக்கல் மார்க்கில். டிகிரியில் சுமார். நுழைவுத் தேர்வில் அதைவிடச் சுமார். ஒரே ஒரு கல்லூரிதான் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. இதுவும் போனால் அவ்வளவுதான்.

நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? குறைந்த மார்க்குக்குப் பின்னால் கட்டாயம் ஒரு வியாதி இருக்கும். பத்தாவதில் குறைந்தால் டைபாய்டு. பன்னிரண்டாவதில் குறைந்தால் மஞ்சள் காமாலை. பரீட்சைக்கு முதல் நாள்வரை கிரிக்கெட் ஆடிய பையனுக்கும், ரிசல்ட் வந்த பிறகு காய்ச்சல் வந்திருக்கும்.

லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் டீச்சரும் மகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஏன் மார்க் கம்மின்னு கேட்டா, செகண்ட் இயர்ல ஜாண்டிஸ்னு சொல்லிடு. யார் போய் செக் பண்ணப் போறாங்க?”

“மம்மி, கேக்கறவங்களே டாக்டருங்க. ரத்தத்துல பிலிருபின் எவ்ளோ இருந்துச்சுன்னு கேட்டா?”

“சும்னிரு. எதிர்த்துப் பேசாம சொன்னதச் சொல்லு.”

நானும் டீச்சரும் சமையலறைக்குள் போய்க் கதவோரம் நின்றோம். பத்து நிமிஷத்தில் அந்தக் கேள்வி வந்தே விட்டது. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நிஷா ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: “உடம்புக்கு ஒன்றுமில்லை. ஸ்கூலில் மனப்பாடம் செய்தே பாஸானவள் நான். காலேஜில் அது எடுபடவில்லை. கெமிஸ்ட்ரியில் ஃபெயில் ஆனேன். புரிந்து படிக்கக் கற்றுக்கொண்டு திரும்ப எழுதினேன். அப்போதும் பெரிய மார்க் இல்லை. அந்தச் சமயத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்கு வாலன்டியராகப் போவேன். எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர்களுக்குக்கூட, சரியான இடத்தில் கை வைத்தால் முகம் சொல்லிவிடும். அதைத்தான் முறையாகப் படிக்க ஆசைப்படுகிறேன்.”

“கெடுத்துட்டா…” என்று முணுமுணுத்தார் டீச்சர்.

எனக்கோ கைதட்ட வேண்டும்போல் இருந்தது. இருப்பது ஒரே வாய்ப்பு. தப்பிக்க ஒரு பொய்யும் தயார். அதைத் தொடாமல் விட எவ்வளவு தைரியம் வேண்டும்? சத்தியமாக என்னால் முடிந்திருக்காது.

சென்ற வாரம் மெயில் வந்தது. சீட் கிடைத்துவிட்டது!

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் டீச்சரின் ஓர்ப்படி மேரி அடுகோடியிலிருந்து வந்திருந்தார். நானும் டீச்சர் வீட்டில்தான் இருந்தேன். கேக்கைக் கையில் வாங்கியதுமே மேரி ஆரம்பித்தார்.

“டாக்டர் சீட்டுன்னா சும்மாவாக்கா? எவ்ளோ மார்க் எடுத்தா?”

டீச்சர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார்.

“கம்மிதான் மேரி. ஒரு பேப்பர்ல ஃபெயில்கூட ஆனா. மறுபடி எழுதித்தான் பாஸ் பண்ணா.”

மேரி கேக்கை அப்படியே தட்டில் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“எங்க ரோஹனுக்கும் இந்த வருஷம் ரெண்டு பேப்பர் போச்சுக்கா… அவங்க அப்பாகிட்டகூட இன்னும் சொல்லல.”

யாராவது ஒருத்தர் முதலில் சொன்னால் போதும் போலிருக்கிறது.